அடிமை என்றே எழுதுங்கள், ‘பணியாளர்’ வேண்டாம்

போன வாரம் மேலப்பாளையத்தில் ராத்தா (அக்கா) வீட்டில் இருந்தபோது செல்போனில் ஒரு பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு, ஓடிக்கொண்டிருந்தது. குர்ஆனில் வரும் ‘மா மலகத் அய்மானுகும்’ என்பதற்குப் பேசியவர் “உங்கள் வீட்டுப் பணியாளர்கள்” என்று அர்த்தம் சொன்னார். இதை எத்தனையோ தடவை கேட்டாயிற்று. பீடி சுற்றிக்கொண்டிருந்த ராத்தா நிமிராமலே கேட்டாள்: “பணியாளுன்னா சம்பளம் உண்டுல்லா? பிடிக்கலைன்னா தட்டைக் கவுத்துட்டு எந்திச்சுப் போயிரலாம்லா?”

அந்தக் கேள்விக்குப் பேசியவரிடம் பதில் இருக்காது.

நேர்ப்பொருள் ‘உங்கள் வலக்கைகள் உடைமையாக்கியவை’. மலக என்றால் உடைமை கொண்டான். உடையவர் மாலிக், உடைமையாகிப்போன ஆள் மம்லூக். எகிப்தை 1250 முதல் 1517 வரை ஆண்ட மம்லூக்குகளுக்கு அந்தப் பெயர் வந்தது இதனால்தான். டெல்லியில் 1206-இல் தொடங்கிய மம்லூக் வம்சத்தை நம் பள்ளிப் புத்தகம் ‘அடிமை வம்சம்’ என்றுதான் சொல்லிக்கொடுத்தது, யாரும் அதைப் ‘பணியாளர் வம்சம்’ ஆக்கவில்லை.

கூலிக்கு வேலை செய்பவருக்கு அரபியில் தனிச்சொல் இருக்கிறது, அஜீர். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்ற ஹதீஸ் (நபிமொழி) எல்லோருக்கும் தெரியும், அதில் வருவது அஜீர். மூஸா நபியைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளச் சொல்லும் குர்ஆன் வசனத்திலும் (28:26) இதே வேர்தான். அரபியே இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதைத் தமிழில் ஒன்றாகக் குழைப்பவர்கள் என்ன நினைத்துச் செய்கிறார்கள்? ‘அடிமை’ என்றால் கேட்பவர் மனம் சங்கடப்படும் என்கிறார்கள். சங்கடப்படட்டும். ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்டம்) நூல்களில் அடிமையை விற்கலாம், வாங்கலாம், வாரிசுகள் பங்கு போட்டுக்கொள்ளலாம், எஜமானின் சம்மதம் இல்லாமல் அவருக்குக் கல்யாணம் கிடையாது. இதில் எது பணியாளருக்குப் பொருந்தும்?

பெண்கள் விஷயத்தில் இன்னும் மோசம். எஜமான் தன் அடிமைப்பெண்ணோடு சேர்வதைச் சட்டம் அனுமதித்தது, அவளுடைய சம்மதத்தை அதற்கு நிபந்தனையாக்கவில்லை. இந்தப் பெண்ணை ஒருவர் ‘பணிப்பெண்’ என்று எழுதுகிறார், இன்னொருவர் ‘ஆசைநாயகி’ என்கிறார். யாருடைய ஆசை? எஜமானுக்குப் பிள்ளை பெற்றவளை ‘உம்முல் வலத்’ என்பார்கள், பிள்ளையின் தாய் என்று பொருள். அவளை விற்கக் கூடாது, அவன் இறந்ததும் அவள் சுதந்திரமாகிவிடுவாள் என்பது பெரும்பாலான சட்ட அறிஞர்களின் முடிவு. மற்றவளை விற்கலாம் என்று இருந்ததால்தானே இவளை விற்காதே என்று தனியாகச் சட்டம் வேண்டியிருந்தது!

இதை மறைத்தால் மார்க்கத்துக்கு நல்லது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், மறைப்பதால் நல்லதும் சேர்ந்து மறைந்துபோகிறது. தெரியாமல் கொலை செய்தவன், சத்தியத்தை முறித்தவன் செய்ய வேண்டிய பரிகாரங்களில் அடிமையை விடுவிப்பது உண்டு. ஜகாத் எனும் கட்டாய தர்மத்தைச் செலவிடும் எட்டு வகையில் அதுவும் ஒன்று. அந்த வசனங்களில் வரும் சொல் ரகபா, அதாவது கழுத்து. குர்ஆனின் தொண்ணூறாவது சூராவில் (அத்தியாயத்தில்) வரும் ‘ஃபக்கு ரகபா’வை எழுத்துக்கு எழுத்து சொன்னால் கழுத்தை விடுவிப்பது. பணியாளரை விடுவிப்பது என்றால் என்ன, வேலையை விட்டு நிறுத்துவதா? நபித்தோழர் பிலால், மக்காவின் உமையாவிடம் பணியாளராக இருந்தார் என்று சொன்னால் நபியின் நெருங்கிய தோழர் அபூபக்கர் எதை விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தார்?

சில மொழிபெயர்ப்புகள் ‘வலக்கரம் சொந்தமாக்கிக்கொண்டவர்கள்’ என்று எழுதுகின்றன. அதில் பொய் இல்லை, ஆனால் தமிழனுக்கு அர்த்தம் தடம் மாறும். “அவர் எனக்கு வலது கை மாதிரி” என்று நாம் யாரைச் சொல்வோம்? நம்பிக்கையான கூட்டாளியை. அரபியில் வலக்கை பிடியையும் அதிகாரத்தையும் காட்டுகிறது. ஆகவே ‘உங்கள் உடைமையான அடிமைகள்’ என்று எழுதுங்கள், போதும்.

அடிமை ஒன்றும் இரவல் சொல் இல்லை. அடி என்பதிலிருந்து பிறந்தது, அடியாரும் அங்கேதான் பிறந்தார். அரபியின் ‘அப்து’ இரண்டுக்கும் ஒரே சொல், தமிழில் நமக்கு இரண்டு கிடைத்திருக்கிறது: அப்துல்லாஹ் என்றால் அல்லாஹ்வின் அடியார், மனிதனுக்கு மனிதன் என்றால் அடிமை. நம் தாமிரபரணிக் கரை வயல்களிலும் ஆட்களை நிலத்தோடு சேர்த்து விற்ற காலம் உண்டு, 1843-இல்தான் இந்தியாவில் அதற்கு எதிராகச் சட்டம் வந்தது. சவூதியில் 1962 வரை ஆனது, மௌரித்தானியாவில் 1981. எங்கள் வாப்பா (அப்பா) 1962-இல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். பயானில் பேசியவருக்கும் அப்படி ஒரு வாப்பா இருந்திருப்பார்.