போட்டோவில் மட்டும் மின்னும் கண்

சென்ற வாரம் எங்களிடம் கண் பரிசோதனைக்கு வந்த குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. எப்போதிலிருந்து என்று கேட்டதும் தாயார் செல்பேசியை நீட்டினார். முதல் பிறந்தநாள் படத்திலேயே, கண்ணின் நடுவில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தாற்போல வெள்ளை ஒளி. வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். "ஃபிளாஷ் பட்டிருக்கும்", "பூனைக்கு மின்னுவதுபோல மின்னுகிறது" என்று சொல்லி விட்டுவிட்டார்கள். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அலுத்துவிட்டது.

பூனை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பூனையின் கண்கூடத் தானாக ஒளிவிடுவதில்லை. விளக்கே இல்லாத கும்மிருட்டில் பாருங்கள், மின்னாது. அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. வண்டி விளக்கு அதில் பட்டுத் திரும்புவதைத்தான் நாம் பார்க்கிறோம். மாடு, ஆடு, நாய்க்கும் அது உண்டு. மனிதனுக்குக் கிடையாது. உங்கள் குழந்தைக்கு மட்டும் விசேஷமாக முளைத்திருக்கவும் முடியாது. நமக்கு அந்த இடத்தில் இருப்பது இரத்தக் குழாய்கள் நிறைந்த படலம். அதனால் திரும்பி வரும் வெளிச்சம் சிவப்பு. அந்தச் சிவப்பைத்தான் 'படம் கெட்டுவிட்டது' என்று அழிக்கிறார்கள்!

வெள்ளையாக வந்தால் வழியில் ஏதோ மறிக்கிறது. கண்புரையாக இருக்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். பெரும்பாலும் 5 வயதுக்குள் வருவது, அரிதானது. சீக்கிரம் பிடித்தால் உயிர் பிழைக்கும், பல நேரம் கண்ணும் மிஞ்சும். தாமதித்தால் கண்ணையே எடுக்க வேண்டிவரும். அதற்கும் பிந்தினால் பார்வை நரம்பு வழியே மூளைக்குப் பரவும்.

நேரில் பார்த்தால் தெரியவில்லையே என்பார்கள். உள்ளே போன வெளிச்சம் வந்த வழியே திரும்புகிறது. செல்பேசியில் ஃபிளாஷும் லென்ஸும் அருகருகே இருப்பதால் அதற்கு அகப்படுகிறது. 1851இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் உருவாக்கிய கண் பரிசோதனைக் கருவியின் அடிப்படையும் இதுதான். (பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தக் கருவியால் ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். டிஸ்சார்ஜ் அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்?)

ஒரே ஒரு படத்தில் வெண்மை தெரிந்தால் பதற வேண்டாம். குழந்தை சற்று ஓரமாகப் பார்த்திருந்தால், பார்வை நரம்பு தொடங்கும் இடத்தில் பட்டும் வெளிச்சம் வெளுத்துத் திரும்பும். மங்கலான அறையில், நேராகப் பார்க்கவைத்து, ஃபிளாஷ் போட்டு, சிவப்பை நீக்கும் வசதியை அணைத்துவிட்டு மீண்டும் எடுங்கள். அதே கண்ணில் மறுபடியும் வெள்ளையோ மஞ்சளோ வந்தால் அந்த வாரமே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். படம் சரியாக வந்தும் சந்தேகம் தீரவில்லையா? அப்போதும் காட்டுங்கள், போட்டோ மருத்துவப் பரிசோதனைக்கு ஈடாகாது. மருந்துக்கடைச் சொட்டு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் ஊற்றாதீர்கள், தயவுசெய்து.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று பாட்டி சொன்னால் கும்பிட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். அதுவும் இந்த நோயின் அறிகுறியாக இருக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கோ மூத்த குழந்தைக்கோ இந்த நோய் வந்திருந்தால் போட்டோவுக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். பிறந்த சில நாட்களிலேயே, ஒன்றும் தெரியாவிட்டாலும், காட்டிவிட வேண்டும்.