சோதனையில் தேறியவருக்கு மறுநாள் தலைவலி

2019 ஆகஸ்ட், இங்கிலாந்தின் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானம். இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பவுன்சர் (தலை உயரத்துக்கு எழும்பும் பந்து), 80 ரன்னில் இருந்த ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில், இடது காதுக்குக் கீழே அடித்தது. வேகம் மணிக்குச் சுமார் 149 கிலோமீட்டர். சுருண்டு விழுந்தவர் வெளியே போய், கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சிக்கான சோதனைகளில் தேறி, மறுபடி வந்து ஆடி 92-ல் அவுட் ஆனார். மறுநாள் காலை தலைவலியோடும் தலைசுற்றலோடும் எழுந்தார். அவருக்குப் பதிலாக சக வீரர் லபுஷேன் இறங்கினார். கன்கஷன் ஆனவருக்குப் பதில் இன்னொருவர் ஆடலாம் என்ற மாற்று வீரர் விதி வந்து அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை.

முதலில் தேறியவருக்கு மறுநாள் ஏன் அப்படி?

மண்டைக்குள் மூளை திரவத்தில் மிதக்கிறது. தலை சட்டென்று வெட்டித் திரும்பும்போது உள்ளே இருக்கும் மூளை முறுக்கப்பட்டு, நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. இதைச் சரிக்கட்ட மூளைக்கு ஏராளமான சக்தி வேண்டும். ஆனால் அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டமும் குறையலாம். இந்தத் தட்டுப்பாடு வெளியே தெரிய சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாள்கூட ஆகும். எதுவும் கிழியவோ உடையவோ இல்லை என்பதால் சி.டி. ஸ்கேனிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுதாகத் தடுக்க முடியாது.

அதனால்தான் மருத்துவர்கள் கேள்வி கேட்டுப் பார்க்கிறார்கள். இது எந்த மைதானம்? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்ல முடிகிறதா? சொன்ன சொற்கள் சில நிமிடம் கழித்தும் நினைவிருக்கிறதா? ஒற்றைக் காலில் தள்ளாடாமல் நிற்கிறாரா? ரக்பியில் இதற்கு 12 நிமிடம் ஒதுக்குகிறார்கள். சீசனுக்கு முன்பே அதே வீரரிடம் எடுத்த அளவோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். ஆனால் ஆடத் துடிப்பவர் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வார். அதனால் சந்தேகம் வந்தாலே அன்று ஆட்டம் முடிந்தது என்பதுதான் சரியான விதி. தேறினாலும் மறுநாள் மீண்டும் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி என்றால் நேரே மருத்துவமனைதான்.

இருட்டறையில் நாள்கணக்கில் படுக்கவைப்பது பழைய வழக்கம். இப்போது ஓரிரு நாள் ஓய்வு, அப்புறம் நடை, மெல்லோட்டம், பயிற்சி என்று படிப்படியாகக் கூட்டுகிறார்கள். மோதல் உள்ள பயிற்சி, அறிகுறி முழுக்க நீங்கி மருத்துவர் சம்மதித்த பிறகே. ஆறாத மூளையில் இன்னொரு அடி விழுந்தால், அரிதாக, குறிப்பாக இளவயதினரிடம், மூளை வீங்கி உயிரே போகலாம்.

ஸ்மித் அடுத்த ஹெடிங்லி டெஸ்டில் ஆடவில்லை. செப்டம்பரில் ஓல்ட் டிராஃபோர்டில் திரும்பி வந்து 211 ரன் எடுத்தார்.