இடுப்பு திரும்பாவிட்டால் முதுகுதான் பதில் சொல்லும்

சென்னையில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்ஃப் ஆடுகிறேன். அதனாலோ என்னவோ, கோல்ஃப் ஆடி வலியோடு வருகிறவர்கள் ஒருவர் சொல்லி ஒருவராக என்னிடம் வந்து சேர்கிறார்கள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய பிறகு மட்டையைக் கையில் எடுத்தவர்கள். ஐ.டி., வங்கி, சொந்தத் தொழில் என்று வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள். வலி ஒன்று கீழ்முதுகில் இருக்கும், இல்லையென்றால் முழங்கையில். எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: “சார், மறுபடியும் எப்போ ஆடலாம்?”

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். ஆட்டத்தின் மேல் அவ்வளவு ஆசை இருந்தால்தான் உடற்பயிற்சியை ஒழுங்காகச் செய்வார்கள். ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் நான் அவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுவேன். ஸ்கோர், அதாவது அடிகளின் எண்ணிக்கை, குறைய வேண்டும் என்பதும் வலி இல்லாமல் ஆட வேண்டும் என்பதும் இரண்டு தனித்தனி வேலைகள் அல்ல. உங்கள் உடல் எங்கே எவ்வளவு திரும்புகிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்றபடி ஸ்விங்கை, அதாவது மட்டையை வீசும் முறையை, அமைத்துக்கொண்டால் இரண்டுமே நடக்கும்.

கோல்ஃப் ஸ்விங் என்பது திரும்புதல். மட்டையைப் பின்னால் கொண்டுபோகும்போது தோள்கள் ஏறக்குறைய 90 டிகிரி திரும்ப வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். இந்தத் திருப்பம் உடலில் எங்கிருந்து வருகிறது? கீழ்முதுகிலிருந்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் சிறு மூட்டுகளின் அமைப்பு குனியவும் நிமிரவும் ஏற்றது, சுழல்வதற்கு ஏற்றதல்ல. ஒவ்வொரு இணைப்பும் ஒரு பக்கமாக ஒன்றிரண்டு டிகிரிதான் சுழலும். நிஜமான திருப்பத்தைத் தர வேண்டியவை இரண்டு இடங்கள்: மேலே மார்புப் பகுதி முதுகெலும்பு, கீழே இடுப்பு மூட்டு. இந்த இரண்டும் இறுகிப்போனால், மிச்சத் திருப்பத்தை நடுவில் இருக்கும் கீழ்முதுகிலிருந்து பிடுங்கப் பார்க்கிறோம். அதுவும் டிரைவர் என்ற, தூரம் அடிக்கும் நீண்ட மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, முழு வேகத்தில்.

சமீபத்தில் வந்த ஒருவரைச் சொல்கிறேன். நாற்பத்தெட்டு வயது, மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர், வலது கைக்காரர். வலி கீழ்முதுகின் வலது பக்கத்தில், பந்தை அடித்து முடிக்கும் நேரத்தில் சுருக்கென்று பிடிக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்துக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதில் அவர் வயதுக்கு வழக்கமான தேய்மானத்தைத் தவிர எதுவும் இல்லை. மேசை ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்காரச் சொன்னேன். தொடையை அசையாமல் பிடித்துக்கொண்டு, பாதத்தை வெளிப்பக்கமாக நகர்த்தினேன். இடுப்பு மூட்டு உள்நோக்கிச் சுழல்வதை அளக்கும் சோதனை இது. வலது கால் தாராளமாகப் போயிற்று. இடது கால் 20 டிகிரி போனதும் நின்றுவிட்டது, அதற்கு மேல் அவருடைய இடுப்பே மேசையிலிருந்து தூக்கிக்கொண்டது. வழக்கமாக 35 டிகிரியாவது போக வேண்டும்.

வலது கைக்காரர் பந்தை அடித்து முடிக்கும்போது உடல் முழுவதும் இடது இடுப்பு மூட்டின் மேல் சுழல்கிறது. அந்த மூட்டு சுழல மறுத்தால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது முதுகு. அவர் மாதக்கணக்கில் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இடுப்பை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அவருக்குச் சொன்ன மாற்றங்கள் எளிமையானவை. நிற்கும்போது இடது பாதத்தின் நுனியை இலக்கை நோக்கி 20, 30 டிகிரி வெளியே திருப்பி வையுங்கள், மூட்டுக்கு வேலை குறையும். மட்டையைப் பின்னால் கொண்டுபோகும்போது இடது குதிகால் தரையை விட்டு எழுந்தால் எழட்டும். குதிகாலை ஆணியடித்த மாதிரி வைத்திருக்க வேண்டும் என்று இளம் வீரர்களின் வீடியோக்களைப் பார்த்து நினைத்துக்கொள்கிறார்கள். மேஜர் என்ற மிகப் பெரிய போட்டிகளில் 18 பட்டங்கள் வென்ற ஜாக் நிக்லஸ் குதிகாலைத் தூக்கித்தான் ஆடினார். அடித்து முடித்த பிறகு வலது குதிகாலும் எழுந்து, வயிறு இலக்கைப் பார்க்கும்படி நிமிர்ந்து நில்லுங்கள். முதுகைப் பின்னால் வில்லாக வளைத்துப் படத்துக்கு நிற்பதுபோல் முடிக்காதீர்கள். இதோடு தினமும் இடுப்புக்கான பயிற்சிகள். முதுகுக்கு மின்சிகிச்சை எதுவும் தரவில்லை.

மேல்முதுகை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே மடித்த துண்டு ஒன்றை இடுக்கிக்கொள்ளுங்கள். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு, துண்டு நழுவாமல் உடலை ஒரு பக்கம் திருப்புங்கள். 45 டிகிரி வர வேண்டும், அதாவது நேராகப் பார்ப்பதற்கும் முழுதாகப் பக்கவாட்டில் பார்ப்பதற்கும் பாதி. அதுவே வரவில்லை என்றால், வீடியோவில் பார்க்கும் ஸ்விங்கை இப்போதைக்கு முயல வேண்டாம். முக்கால் ஸ்விங் போதும். மட்டையின் நடுவில் பட்ட முக்கால் ஸ்விங், ஓரத்தில் பட்ட முழு ஸ்விங்கைவிடப் பெரும்பாலும் தூரமாகவே போகும், நேராகவும் போகும்.

உடம்பில் பயிற்சி ஏறியவர்களையும் இந்த ஆட்டம் விட்டுவைப்பதில்லை. டைகர் வுட்ஸுக்கு 2014-க்கும் 2017-க்கும் இடையே முதுகில் நான்கு அறுவை சிகிச்சைகள் நடந்தன, கடைசியாகச் செய்தது முள்ளெலும்புகளை ஒன்றாக இணைக்கும் சிகிச்சை. அதற்குப் பிறகு 2019-ல், மேஜர்களில் ஒன்றான மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். ஆனால் அவருக்குப் பின்னால் நின்ற மருத்துவக் குழுவும் பயிற்சி நேரமும் நமக்குக் கிடையாது.

அடுத்து, காலை நேரம். நம் ஊர் வெயிலுக்குப் பயந்து ஆறு மணிக்கே டீ-ஆஃப், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம், வாங்குகிறோம். சரியான முடிவுதான். ஆனால் இரவு படுத்திருக்கும்போது முதுகுத் தட்டுகள் நீரை இழுத்து உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிவதும் திருகுவதும் அவற்றுக்குக் கூடுதல் சுமை. ஐந்தரைக்கு எழுந்து, காரை நிறுத்திவிட்டு ஓடிவந்து, முதல் அடியே டிரைவர் என்றால் முதுகு எப்படித் தாங்கும்? ஒரு மணி நேரம் முன்னால் எழுந்துவிடுங்கள். ஆடுகளத்தில் பத்து நிமிடம் நடை, காலை முன்னும் பின்னும் வீசுதல், பாதி உட்கார்ந்து எழுதல், மட்டையைத் தோளில் வைத்து மெதுவாகத் திரும்புதல். அப்புறம் குறைந்த தூரத்துக்கான வெட்ஜ் மட்டையை எடுத்துச் சில அரை ஸ்விங்குகள், பிறகு நடுத்தர தூரத்துக்கான ஒரு அயர்ன் மட்டை, கடைசியில்தான் டிரைவர். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் புட்டிங் பயிற்சியை உடல் தயாராவதாகக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது கூன்போட்டு நிற்பது மட்டுமே.

குழியிலிருந்து பந்தை எடுப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு சுற்றுக்குள் எத்தனை முறை குனிகிறோம் என்று யோசியுங்கள்: பந்தை வைக்கும் டீ என்ற சிறு ஆணியை ஊன்ற, பந்தைக் குறியிட, எடுக்க, மறுபடி வைக்க. ஒரு கையால் புட்டரை ஊன்றிக்கொண்டு, ஒரு காலைப் பின்னால் நேராகத் தூக்கி, இடுப்பிலிருந்து மட்டும் சாய்ந்து மறு கையால் எடுங்கள். முதுகு வளையாது. முதுகுவலிக்காரர்களுக்கு, கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத பாட்டிமார்களுக்கும்கூட, கீழே விழுந்த பொருளை எடுக்க நாங்கள் சொல்லித்தருவது இதே முறையைத்தான்.

முழங்கை வலிக்காரர்களின் கதை வேறு. அவர்களில் அநேகருக்கு அது ஆடுகளத்தில் வந்த வலி அல்ல, அடித்துப் பழகும் இடமான டிரைவிங் ரேஞ்சில் வந்தது. நூறு பந்துள்ள கூடை ஒன்றை வாங்கி அரை மணியில் காலி செய்துவிடுகிறார்கள். கீழே கான்கிரீட், அதன் மேல் தேய்ந்துபோன பாய். மட்டை பந்துக்கு முன்னாலேயே தரையில் மோதினால், புல்தரையாக இருந்தால் மண் பெயர்ந்து விசை அடங்கும். பாயில் அந்த அதிர்ச்சி மணிக்கட்டு வழியாக நேராக முழங்கைக்கு ஏறும். கூடவே இறுக்கப் பிடி வேறு. பந்தின் எடை 46 கிராம்கூட இல்லை, அதற்கு அத்தனை இறுக்கம் தேவையே இல்லை. முழங்கையின் உட்புறத்தில் வரும் வலிக்குக் ‘கோல்ஃபர்ஸ் எல்போ’ என்று பெயர் இருந்தாலும், வெளிப்புறத்தில் வரும் ‘டென்னிஸ் எல்போ’வும் கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு நிறையவே வருகிறது, முக்கியமாக வலது கைக்காரர்களுக்கு இலக்குப் பக்கமாக இருக்கும் இடது கையில்.

கூடையைப் பாதியாக்குங்கள். ஒவ்வொரு அடிக்கும் நடுவே இலக்கை மாற்றுங்கள், ஆடுகளத்தில் செய்வதைப் போலவே பின்னால் நின்று பார்த்துவிட்டு வந்து அடியுங்கள். நேரம் அதே, அடி குறைவு, கற்றுக்கொள்வது அதிகம்.

தூரம் முக்கியமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி ஏராளமான அடிகளின் தரவுகளை ஆராய்ந்து, வீரர்களுக்கு இடையிலான ஸ்கோர் வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீண்ட அடிகளிலிருந்து வருகிறது என்று காட்டினார். புட்டிங்கில்தான் எல்லாம் இருக்கிறது என்ற பழைய நம்பிக்கை அத்தோடு ஆட்டம் கண்டது. ஆனால் நம் மட்டத்தில் நீண்ட அடி முன்னேறுவது என்பது முதலில் பந்து தண்ணீருக்குள்ளும் எல்லைக்கு வெளியேயும் போகாமல் இருப்பது. அதற்குத் தேவை சுழலும் இடுப்பும் நடுவில் படும் மட்டையும். கையின் பலத்தை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மகிழ்ச்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வலிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒரு குழியில் எட்டு, ஒன்பது அடித்துவிட்டு, அடுத்த குழியில் அதை ஈடுகட்ட வெறியோடு டிரைவரை வீசும் நேரத்தில்தான் பலருக்கு முதுகு பிடித்திருக்கிறது. இதற்கு அருமையான மருந்து கண்டுபிடித்தவரும் ஒரு மருத்துவர்தான். ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய அறுவை சிகிச்சை நிபுணர் வகுத்த புள்ளி முறையில் 1932-ல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் போட்டி நடந்தது. ஒவ்வொரு குழியிலும், உங்கள் திறமைக்கேற்பக் கிடைக்கும் சலுகை அடிகளான ஹேண்டிகேப்பைக் கழித்த பிறகு, அந்தக் குழிக்கு நிர்ணயித்த அடிகளான பார் என்றால் 2 புள்ளி, ஒன்று கூடினால் 1, அதற்கு மேல் போனால் பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழே எதுவும் இல்லை. பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். நண்பர்களோடு ஆடும்போது இந்த முறையிலேயே ஆடுங்கள் என்று வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

2020-ல் வந்த உலக ஹேண்டிகேப் முறையும் இதே பெருந்தன்மையோடுதான் இருக்கிறது. கடைசி 20 சுற்றுகளில் சிறந்த 8-ஐ மட்டும் எடுத்துச் சராசரி போடுகிறது. மற்ற பன்னிரண்டையும் அதுவே கண்டுகொள்வதில்லை, நாம் ஏன் அவற்றை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? குழிக்குக் கிட்டே, முன்னால் இருக்கும் தொடக்க இடத்திலிருந்து ஆடுவதிலும், ஒன்பது குழிகளோடு நிறுத்திக்கொள்வதிலும் எந்தக் குறைவும் இல்லை.

முடிந்தவரை நடந்து ஆடுங்கள். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் சுமார் 3 லட்சம் கோல்ஃப் வீரர்களின் தரவுகளைப் பார்த்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், அதே வயது, பாலினம், சமூகநிலை கொண்ட மற்றவர்களைவிட அவர்களின் இறப்பு விகிதம் 40 சதவீதம் குறைவாக இருந்தது. ஆரோக்கியமானவர்கள்தான் ஆடவே வருகிறார்கள் என்பதும் அதில் ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் பதினெட்டு குழி நடப்பதென்றால் ஏழெட்டு கிலோமீட்டர், அது உடம்புக்கு நல்லதுதான்.

சில அறிகுறிகளுக்கு மட்டும் என்னைப் போன்றவர்களிடம் வந்து நேரத்தை வீணாக்காதீர்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வெயிலில் தலைசுற்றலோடு குழப்பம் என்றால் தசைப்பிடிப்பு என்று நினைத்து அடுத்த குழிக்குப் போகக் கூடாது. உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். முதுகுவலியோடு காலில் மரத்துப்போதல், பாதம் தூக்க முடியாமை, சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல் இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இனி, எப்போது மறுபடி ஆடலாம் என்ற கேள்வி. சாதாரண முதுகுவலியோ முழங்கை வலியோ தணிந்த பிறகு, முதலில் கொஞ்ச நேரத்துக்குப் புட்டிங்கும், குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனின் ஓரத்திலிருந்து சிப்பிங் என்ற சிறு அடிகளும். அது சுகமாக இருந்தால் வெட்ஜில் அரை ஸ்விங், பிறகு குட்டை அயர்ன்கள், பிறகு நீண்டவை, எல்லாவற்றுக்கும் கடைசியில் டிரைவர். ஒருநாள் விட்டு ஒருநாள், முடிந்தால் புல்தரையில். ஆடும்போது வலிக்கிறதா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வலி கூடியிருந்தால் ஒரு படி கீழே இறங்கி, சில நாள் அங்கேயே இருங்கள். அந்த மேலாளர் இப்போது அயர்னில் இருக்கிறார். டிரைவரை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார், ஒன்பது குழி ஆடுகிறார்.