டிபன் முடிந்த கையோடு வரும் காபி

ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் "வெறும் வயித்துலதானே வந்திருக்கீங்க?" என்று கேட்பேன். "ஆமாம் டாக்டர், ஒண்ணும் சாப்பிடலை. காபி மட்டும்தான்" என்பார்கள். கும்பகோணத்தில் மருத்துவம் பார்க்க உட்கார்ந்த நாளிலிருந்து இந்தப் பதிலைக் கேட்காத வாரம் கிடையாது. பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் உள்ளே போயிருக்கும். மறுநாள் வரச் சொல்ல வேண்டியதுதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் காபி கணக்கில் வராது, அவ்வளவுதான்.

நானும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். இரவு படுக்கப் போகும் முன் அம்மா பித்தளை ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு, குடை மாதிரி இருக்கும் தட்டால் லேசாக அமுக்கி, கொதிக்கிற வெந்நீரை ஓரத்திலிருந்து சுற்றி ஊற்றி மூடி வைப்பார். விடிவதற்குள் டிகாக்‌ஷன் முழுக்க இறங்கியிருக்கும். பால் வந்ததும் ஒரே கொதி. டபராவிலிருந்து டம்ளருக்கு உயரத் தூக்கி இரண்டு ஆற்று ஆற்றினால் நுரை விளிம்பைத் தொட்டு நிற்கும். கள்ளிச்சொட்டு மாதிரி இருக்கு என்று தாத்தா சொன்னால் அன்றைக்கு அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். லாக்டோமீட்டரை விட்டு டிகிரி பார்த்த, தண்ணீர் சேராத பாலில் போடுவதால்தான் டிகிரி காபி என்று பெயர் வந்தது என்பார்கள் எங்கள் ஊரில். இதையெல்லாம் விடச் சொல்ல எனக்கு மனசு வராது. விடவும் வேண்டாம். நான் சொல்ல வந்தது காபி குடிக்கிற நேரத்தைப் பற்றி மட்டும்தான்.

சில வருடங்களுக்கு முன் நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வந்தார். படியேறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது, பாத்திரம் தேய்த்து முடிப்பதற்குள் கை ஓய்ந்துபோகிறது என்றார். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 8.4 கிராம். பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. கூட வந்த மகள் தயங்கித் தயங்கி, "அம்மா எந்நேரமும் பச்சரிசியை வாயில போட்டு மென்னுட்டே இருக்காங்க டாக்டர்" என்றாள். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இப்படி ஒரு ஆசை வரும். சிலருக்குப் பச்சரிசி, சிலருக்குச் சாம்பல், சாக்பீஸ். கோயில் ஊர் என்பதால் இங்கே திருநீற்றை அள்ளித் தின்கிறவர்களும் உண்டு. வீட்டில் திட்டுவார்கள் என்று இவர்கள் மறைத்துவிடுவார்கள். தயவுசெய்து திட்டாதீர்கள், ரத்தம் பாருங்கள்.

மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகிறதா, மூலம் உண்டா, குடலில் புழுவா என்று எல்லாவற்றையும் பார்த்து, அதற்கு வேண்டியதைச் செய்து, இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தேன். ஒழுங்காகப் போட்டால் மூன்று நான்கு வாரத்தில் ஒன்றிரண்டு கிராமாவது ஏற வேண்டும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 8.7. மாத்திரை போடவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். அவர் பையிலிருந்து காலி அட்டைகளை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அப்புறம்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது. "எதோட போடுறீங்கம்மா?"

"காபியோடதான். காலைல டிபன் முடிச்சதும் காபி குடிப்பேன்ல, அப்பவே ஒரு வாய் காபில போட்டு முழுங்கிடுவேன். மறக்காம இருக்கும்."

முதல் தடவையே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அன்றிலிருந்து யாரையும் கேட்காமல் விடுவதில்லை.

காபியில் பாலிஃபீனால் என்று சில பொருள்கள் உண்டு. காய்கறி, கீரை, பருப்பு, தானியத்தில் இருக்கும் இரும்பையும் மாத்திரையில் இருக்கும் இரும்பையும் இவை குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் சேர விடாது. டீயில் இன்னும் அதிகம். 1983-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு வேளை உணவோடு ஒரு கப் காபி குடித்தபோது இரும்பு சேர்வது 39 சதவீதம் குறைந்தது. டீக்கு 64 சதவீதம். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் காபி குடித்தபோது ஒரு குறையும் இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதோ, சாப்பாட்டோடு குடித்த அதே அளவுக்குத் தடுத்தது. எங்கள் ஊர்ப் பழக்கத்தை இதோடு வைத்துப் பாருங்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் குடிக்கிற முதல் காபியால் தொந்தரவு இல்லை. மத்தியானம் மூன்றரை மணிக் காபியும் பரவாயில்லை, பன்னிரண்டரைக்கே சாப்பாடு முடிந்திருக்கும். இட்லி, கடப்பா சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் சுடச்சுட நீட்டப்படுகிறதே, அந்த ஒரு காபிதான் காரியத்தைக் கெடுக்கிறது.

கடப்பா என்பது எங்கள் பக்கத்துச் சொத்து. பாசிப்பருப்பை வேகவைத்து, உருளைக்கிழங்கு, வெங்காயம் சேர்த்து, தேங்காயும் சோம்பும் அரைத்து விடுவது. பருப்பில் இரும்பு இருக்கிறது. இட்லி மாவு புளிப்பதால் தானியத்தில் இருக்கும், இரும்பைச் சேர விடாத ஃபைட்டேட் என்ற பொருள் குறைந்து அந்த இரும்பு சேர வழி கிடைக்கிறது. கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் அதிலுள்ள வைட்டமின் சி இன்னும் உதவும். நம் பாட்டிகள் பக்குவமாகச் செய்து வைத்ததை ஒரு டம்ளர் காபி பாதியில் மறிக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

இதைப் பெரிதுபடுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! அத்தனைக்கும் காபி காரணமில்லை, ஆனால் ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்கு அது இன்னொரு சுமை. 2024-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது காபி, டீ வேண்டாம் என்றுதான் இருக்கிறது. ரத்தம் குறைவாக உள்ளவர்கள் சாப்பிட்டபின் இரண்டு மணி நேரம் விடுங்கள் என்பேன் நான்.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், பொறுத்துத்தான் காபி. "மாத்திரை அளவைக் கூட்டிக்கிட்டே போறாங்க டாக்டர்" என்று வருகிறவர்களில் சிலருக்கு நேரத்தை மாற்றியதுமே தைராய்டுக்குப் பார்க்கும் டிஎஸ்எச் அளவு சரியாகிவிடுகிறது.

எத்தனை கப் குடிக்கலாம் என்றும் கேட்பார்கள். ஐசிஎம்ஆர் சொல்லும் வரம்பு நாளுக்கு 300 மில்லிகிராம் காஃபின். 150 மில்லி ஃபில்டர் காபியில் 80 முதல் 120 வரை இருக்கலாம். சிக்கரியில் காஃபின் இல்லை, அதனால் பொடிக்குப் பொடி மாறும். (பொட்டலத்தில் சிக்கரி சதவீதம் அச்சிட்டிருக்கும், 49-க்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம்.) கர்ப்பிணிகள் இரண்டு சின்ன டம்ளரோடு நிறுத்துவது நல்லது. கைக்குழந்தைக்கு ஆசையாக ஒரு வாய் காபி ஊட்டுவதை அடியோடு விட்டுவிடுங்கள்.

ரத்தசோகை என்று பேச்சு வந்ததால், ரசத்துக்கு ஈயச்சொம்பு வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அது சுத்தமான வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் கலந்திருந்தால் புளிரசத்தில் கரைந்து உடம்பில் சேரும். அதுவும் ரத்தசோகையைக் கொண்டுவரும், குழந்தைகளின் மூளையையும் பாதிக்கும். தெரிந்த கடையில், கேட்டு வாங்குங்கள்.

காபியோடு மாத்திரை போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் மாத்திரையைக் காபி டப்பா பக்கத்திலிருந்து எடுத்துப் படுக்கை பக்கம் வைக்கச் சொன்னேன். இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, கொஞ்சம் எலுமிச்சைத் தண்ணீரோடு. டிபன் காபியைப் பத்தரை மணிக்குத் தள்ளினோம். "அந்த நேரத்துல யாரு போட்டுத் தருவா?" என்றார். மகள், "நானே போட்டுத் தரேன்மா" என்றாள். மூன்று மாதத்தில் 11.6. பச்சரிசியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம். மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டார். 12-ஐத் தொட்டபின்னும் இன்னொரு மூன்று மாதம் போட வேண்டும், உடம்பின் சேமிப்பு நிரம்ப அவ்வளவு நாளாகும் என்று சொல்லி, அடுத்த சீட்டை எழுதிக் கொடுத்தேன்.