கேஜ், மிக்ஸட் கேஜ், சைடிங்: தோட்டத்து ரயிலுக்கான சொற்கள்

தோட்டத்தில் சிறு ரயில் ஓட்டுவதற்காக நான் போட்ட முதல் வரைபடத்தில் ‘பாதை அகலம் 45 மி.மீ.’ என்று எழுதியிருந்தேன். பலகை அறுக்க உதவிக்கு வந்த நண்பர் அதைப் படித்துவிட்டு, பாலத்துக்கான பலகைகளைச் சரியாக 45 மி.மீ. அகலத்துக்கு அறுத்து வைத்தார். தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகளோ அதைப்போல இரண்டு மடங்கு நீளம். அவர் படித்ததில் பிழை இல்லை. ‘பாதை அகலம்’ என்றால் பாதையின் அகலம்தானே. இரு தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள தூரத்தை ஆங்கிலத்தில் கேஜ் என்பார்கள்; அதற்குச் சரியான தமிழ்ச் சொல்லைத் தேட ஆரம்பித்தது அன்றுதான்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய வடபிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அது அளவுகோலைக் குறித்தது. மதுப் பீப்பாய்க்குள் கோலை விட்டு, எவ்வளவு கொள்ளும் என்று பார்ப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அதற்கும் முந்தைய வேர் எது என்பதில் அறிஞர்களிடையே உறுதி இல்லை. கோல் மெல்ல மெல்ல அளவுக்கும் பெயராயிற்று. கம்பியின் தடிமன், அழுத்தம் காட்டும் கருவி, பெய்த மழையை அளக்கும் குடுவை, இரு தண்டவாளங்களுக்கு நடுவிலுள்ள தூரம் என எல்லாமே ஆங்கிலத்தில் கேஜ்தான்.

தமிழ் இவற்றை ஒரே சொல்லில் அடைப்பதில்லை. கருவி என்றால் மானி: அழுத்தமானி, மழைமானி. கம்பி என்றால் தடிமன். ரயிலுக்கு மட்டும்தான் நம் சொல் இன்னும் தடுமாறுகிறது. அகலப்பாதை, மீட்டர் பாதை, குறுகிய பாதை என்று வகைகளுக்குப் பெயர் வைத்தாயிற்று. அந்த வகைகள் எதனால் பிரிகின்றனவோ, அந்த அளவுக்குத்தான் பெயர் நிலைக்கவில்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். ‘இருப்புப்பாதை’ என்பதிலுள்ள இருப்பு, ‘இருத்தல்’ அல்ல, இரும்பு. மருந்து பையோடு சேர்ந்தால் மருத்துப்பை ஆவதுபோல, இரும்பு பாதையோடு சேரும்போது மெல்லெழுத்து வல்லெழுத்தாகிறது. தோட்டத்தில் நாம் போடுவது பெரும்பாலும் பித்தளைத் தண்டவாளம் என்றாலும், இந்தச் சொல்லை நான் விடமாட்டேன்.

சரி, கேஜுக்கு வருவோம். ‘தண்டவாள இடைவெளி’ என்று சிலர் எழுதுகிறார்கள். தோட்டத்தில் அதுவும் ஆபத்து, ஏனென்றால் இடைவெளி என்று இன்னொன்று இருக்கிறது. வெயிலில் நீள்வதற்காக மூட்டுக்கு மூட்டு விடும் சந்து அது. ஒன்றரை மீட்டர் பித்தளைத் தண்டவாளம், சூடு 30 டிகிரி ஏறினால் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அந்தச் சந்தை விடாவிட்டால் பாதை பாம்புபோல் வளைந்துவிடும். ஆக இடைவெளி என்ற சொல்லை மூட்டுக்கே விட்டுவிடலாம்.

என் தேர்வு ‘இடையகலம்’. ஒரு தண்டவாளத் தலையின் உட்பக்கத்திலிருந்து மற்றதன் உட்பக்கம் வரை உள்ள தூரம். ‘இடை’ என்பதே நடுவில் அளக்கச் சொல்லிவிடுகிறது. கட்டையின் நீளமோ பலகையின் அகலமோ உள்ளே நுழைய வழியில்லை.

இடையகலத்தையும், நிஜ வண்டியை எத்தனை மடங்கு சிறிதாக்குகிறோம் என்று சொல்லும் அளவு விகிதத்தையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. இரண்டையும் ‘அளவு’ என்றே பேசுவதால் புதிதாக வருகிறவர்கள் கட்டாயம் இதில் சிக்குவார்கள். 45 மி.மீ. இடையகலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1:32 விகிதத்தில் அது 1440 மி.மீ., அதாவது ஏறக்குறைய உலகின் பெரும்பகுதியில் ஓடும் 1435 மி.மீ. பாதை. 1:22.5 என்றால் அதே தண்டவாளம் மீட்டர் பாதையாகிவிடும். 1968-ல் ஜெர்மனியின் லேமன் நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் கொண்டுவந்த தோட்ட ரயில் இப்படித்தான் அமைந்தது. 1:20.3 என்றால் மூன்றடிப் பாதை. பாதை மாறவே இல்லை. மேலே ஓடும் வண்டி மட்டும் பெரிதாகிறது. தோட்ட ரயிலின் இன்னொரு இடையகலமான 32 மி.மீ. பாதையில் ஓர் அழகு உண்டு: ஓர் அடிக்கு 16 மி.மீ. என்று வைத்தால் அது கணக்குப் பிசகாமல் இரண்டடிப் பாதை.

இப்படி 45, 32 என்ற இரண்டு இடையகலங்களையும் ஒரே கட்டைகள்மேல் போடுவதுதான் மிக்ஸட் கேஜ். இதற்குத் தமிழ் தேடுவது இன்னும் சிக்கல். ‘இரட்டை அகலப்பாதை’ என்றால், அருகருகே ஓடும் இரண்டு அகலப்பாதைகள் என்றே எவரும் நினைப்பார். ‘ஈரகலப் பாதை’ இலக்கணப்படி சரி. ஆனால் வேகமாகப் படிக்கும் கண்ணுக்கு ஈரமும் கலமுமாகப் பிரிந்து தெரிகிறது. ஒரு தண்டவாளம் இரண்டுக்கும் பொது என்பதால் ‘மூன்று தண்டவாளப் பாதை’ என்று சொல்லலாமே என்றால், அதுவும் போதாது. பழைய பொம்மை ரயில்களில் மூன்றாவது தண்டவாளம் நடுவில் மின்சாரத்துக்காக இருந்தது. போதாக்குறைக்கு, எல்லாக் கலப்பும் மூன்றில் முடிவதில்லை. 1435-ம் ரஷ்யாவின் 1520-ம் சேரும் இடத்தில் வித்தியாசம் வெறும் 85 மி.மீ.; நிஜத் தண்டவாளத்தின் அடிப்பாகமே அதைவிட அகலம் என்பதால் நான்கு தண்டவாளங்கள் போட்டாக வேண்டும். அதனால் ‘கலப்பு இடையகலப் பாதை’ என்று ஒருமுறை முழுசாக எழுதிவிட்டு, அப்புறம் ‘கலப்புப் பாதை’ என்று சுருக்கிக்கொள்கிறேன்.

கலப்பு பிறந்ததற்குக் காரணம் ஒரு பிடிவாதம். இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்குப் பொறியாளர் புருனேல் ஏழடிக்குச் சற்றே மேற்பட்ட இடையகலத்தை வைத்தார். சுற்றிலும் மற்றவர்கள் 1435-ல் ஓட்டினார்கள். இரண்டும் சந்தித்த குளோஸ்டரில் பயணிகளும் சரக்கும் வண்டி மாற வேண்டியிருந்தது. 1846-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் குறுகியதைப் பொதுவாக்கியது. பிறகு பல இடங்களில் மூன்றாம் தண்டவாளம் சேர்த்து இரண்டு வண்டிகளையும் ஓட்டினார்கள். அகன்ற பாதை 1892-ல்தான் ஒழிந்தது.

தோட்டத்தில் 45-ம் 32-ம் கலந்தால் வித்தியாசம் 13 மி.மீ. தண்டவாளத் தலையின் தடிமன் போக மிஞ்சும் சந்தில் 45-ன் சக்கர விளிம்பு தாராளமாகப் போகும். இருவகை வண்டிக்கும் உரிய தண்டவாளத்தைப் ‘பொதுத் தண்டவாளம்’ என்போம். வண்டிகளின் நடுக்கோடு 6.5 மி.மீ. விலகி நிற்கும், இரண்டையும் கோத்து ஒரே தொடராக இழுக்க நினைப்பவர் கொக்கியில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்து சைடிங், அதாவது முதன்மைப் பாதையின் பக்கத்தில் போடும் துணைத்தடம். பக்கத்தைக் குறிக்கும் ‘சைடு’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது, அவ்வளவுதான். ‘கிளைப்பாதை’ என்று மொழிபெயர்ப்பது தவறு. கிளைப்பாதை வேறோர் ஊருக்குப் போகும். சைடிங் எங்கும் போகாது. ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் பிளவுபட்டிருக்கிறது. பிரிட்டனில் இது பெட்டிகளை ஒதுக்கி வைக்கும் தடம். அமெரிக்காவிலோ பெரும்பாலும் இருமுனையும் முதன்மைப் பாதையோடு சேரும், எதிர்வண்டிக்கு வழிவிடும் தடம். மாதிரிப் பாதை வரைபடங்களைப் படிக்கும்போது இது நிஜமாகவே குழப்பும்.

தமிழில் இந்தக் குழப்பமே வர வேண்டியதில்லை. வண்டி தானே விலகி நின்று வழிவிட்டால் அது ஒதுங்குகிறது. பெட்டிகளை இன்ஜின் தள்ளிவிட்டு வந்தால் அவை ஒதுக்கப்படுகின்றன. தன்வினையும் பிறவினையும் ஒரே எழுத்தில் பிரிந்து நிற்கின்றன. இருமுனைத் தடத்துக்கு ‘ஒதுங்குதடம்’. முட்டுச்சந்து போல முடியும் தடத்துக்கு, ஒதுக்குப்புறம் என்பதன் சாயலில், ‘ஒதுக்குத்தடம்’. இந்த இணையைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பாதையில் முதல் வண்டி ஓடியபோதுகூட இல்லை.

கலப்புப் பாதையிலிருந்து ஒதுக்குத்தடம் பிரிப்பவர்கள் எந்தப் பக்கம் பிரிக்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். 32-க்கு மட்டுமான தடம் பொதுத் தண்டவாளத்தின் பக்கம் பிரிந்தால், தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டுவது ஒரே இடத்தில். எதிர்ப்பக்கம் பிரித்தால் மூன்று இடங்களில் வெட்டும். ஒவ்வொரு வெட்டும் சக்கரம் இடறக்கூடிய இடம். 45-க்கு மட்டுமான தடத்துக்கு எந்தப் பக்கமானாலும் இரண்டு வெட்டுகள். ஆகவே குறுகிய வண்டிகளின் ஒதுக்குத்தடங்களைப் பொதுத் தண்டவாளத்தின் பக்கமே வைத்துவிடுங்கள்.

இப்போது என் வரைபடத்தில் இப்படி இருக்கிறது: ‘கலப்புப் பாதை, இடையகலம் 45/32, பொதுத் தண்டவாளம் இடப்புறம். மூட்டு இடைவெளி 1 மி.மீ. ஒதுங்குதடம் ஒன்று, ஒதுக்குத்தடம் இரண்டு, இரண்டும் இடப்புறம். பலகை அகலம் 120 மி.மீ.’ அதே நண்பர்தான் அறுத்துக் கொடுத்தார்.