ஒரு கிண்ணம் சூப், ஒரு பாட்டில் சலைன்

இதயம் பலவீனமானவர்களிடம் நாங்கள் முதலில் கேட்டுக்கொள்வது ஒரு நோட்டு. காலையில் எழுந்து, கழிப்பறை போய்விட்டு, காப்பிக்கு முன்னால் எடை பார்த்து அதில் எழுத வேண்டும். பெரும்பாலானவர்கள் இரண்டு வாரம் எழுதுவார்கள், அப்புறம் நோட்டு எங்கேயோ போய்விடும். இந்த அங்கிள் அப்படியில்லை. டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டியில் மைலேஜ் எழுதிய பழக்கமோ என்னவோ, நான்கு மாதத்துக்கு ஒரு நாள் விடாமல் எழுதிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார்.

நான் சிங்கப்பூரில் உணவியல் நிபுணராக வேலை பார்க்கிறேன். நோட்டுப் படிப்பது என் தொழிலில் பாதி. அந்த நோட்டில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடை ஏறியிருந்தது. சில வாரம் அரை கிலோ, சில வாரம் எழுநூறு கிராம். புதன், வியாழனுக்குள் இறங்கிவிடும். அடுத்த திங்கள் மறுபடி ஏறும்.

“ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிடுவீங்க அங்கிள்?”

“ஒண்ணும் இல்லம்மா. பரோட்டா, பிரியாணி எல்லாத்தையும் விட்டாச்சு. காலையில ரெண்டு பேரும் மார்க்கெட்டுக்குப் போவோம். மேல உணவங்காடியில ஒரு மீன் உருண்டை மீ சூப். எண்ணெயே கிடையாது.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி குறுக்கிட்டார். “வீட்ல நான் உப்பே போடறதில்லம்மா. எனக்கே நாக்கு செத்துப்போச்சு.”

இருவர் சொன்னதும் உண்மை. பிரச்சினை அந்த மீ (நூடல்ஸ்) கிண்ணத்தில் இருந்தது.

இந்த ஊரில் வசிப்பவர்களுக்கு உணவங்காடி நிலையத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான்கைந்து வெள்ளிக்கு வயிறு நிறையச் சூடாகச் சாப்பிடக்கூடிய இடம். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பண்பாடு. நானும் வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் சாப்பிடுகிறேன். ஆகவே கடையில் சாப்பிடாதீர்கள் என்று எழுத எனக்கு வாய் வராது. ஆனால் எண்ணெயைக் கண்டு பயந்த நம் ஆட்கள் பலர் பரோட்டாக் கடையிலிருந்து எழுந்து நேராகப் போய் உட்காருவது சூப் கடையில். சூப் என்றால் காய்ச்சல்காரர் சாப்பிடுவது, லேசானது, உடம்புக்கு நல்லது என்று நம் மனத்தில் பதிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் எண்ணெயை எல்லோரும் பிடித்துவிடுகிறோம். கரைந்துபோன உப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

அங்கிளுக்கு நான் சலைன் பாட்டிலை வைத்து விளக்கினேன். அதை அவருக்கு நன்றாகத் தெரியும், இரண்டு முறை வார்டில் படுத்திருக்கிறார். மருத்துவமனையில் ஏற்றும் சாதாரண சலைனில் 100 மில்லிக்கு 0.9 கிராம் உப்பு இருக்கும். அரை லிட்டர் பாட்டில் என்றால் 4.5 கிராம். நாக்குக்கு ‘சரியான ருசி’ என்று படும் சூப்பிலும் கிட்டத்தட்ட இதே அளவுதான், 100 மில்லிக்கு முக்கால் முதல் ஒரு கிராம் வரை. கடையில் தரும் பெரிய கிண்ணத்தில் அரை லிட்டருக்கு அருகில் சூப் பிடிக்கும். கடைசிச் சொட்டு வரை குடித்தால், ஒரு பாட்டில் சலைனை வாய் வழியாக ஏற்றிக்கொண்டது போலத்தான்.

நாள் முழுவதற்கும் பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குக் கீழே. உப்பாகச் சொன்னால் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. சூப்பில் மட்டும் 4.5 கிராம் என்றால் சோடியம் சுமார் 1,770 மில்லிகிராம். இன்னும் மீயையும் மீன் உருண்டையையும் கணக்கில் சேர்க்கவே இல்லை. அங்கிளுக்கு அது காலை எட்டு மணிச் சாப்பாடு.

திங்கட்கிழமை எடைக்கும் இதே கணக்குதான் விடை. உடம்பு தன் நீரின் உப்பு அளவைக் கூடவோ குறையவோ விடாது. 4.5 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே வந்தால் அதை நீர்க்கச் செய்ய அரை லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மத்தியானம் எடுக்கிற அந்தத் தாகம் அதற்குத்தான். அரை லிட்டர் தண்ணீர் என்றால் தராசில் அரை கிலோ. இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருப்பவர்களுக்கு ஓரிரு நாளில் எல்லாம் வெளியேறிவிடும், நடந்ததே தெரியாது. இதயம் தளர்ந்தவருக்கு அது காலில் இறங்கும், நுரையீரலில் தேங்கும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான். அங்கிள் அந்த எல்லையைத் தொடவில்லை. ஆனால் வாரா வாரம் அதன் திசையில் கொஞ்சம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

‘எனக்கு இதயம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று நினைப்பவர்களுக்கு இரண்டு எண்கள். சிங்கப்பூரில் 2022இல் எடுத்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக உட்கொள்ளும் சோடியம் 3,620 மில்லிகிராம். 2021–2022 மக்கள் சுகாதார ஆய்வில், வயதுவந்தவர்களில் 37 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் ஒருவருக்கும் உப்பு சாப்பிட்ட அன்றே மயக்கம் வந்திருக்காது.

கிண்ணத்தில் மற்றவை என்ன செய்கின்றன? மீன் உருண்டை பந்து மாதிரி துள்ளுகிறதே, அதுவே உப்பின் வேலை. மீன் சதையை உப்புப் போட்டு அடித்தால்தான் அதன் புரதம் கரைந்து பசையாகி, வேகும்போது அந்த இழுவை கிடைக்கும். உப்பில்லாமல் பிடித்தால் உதிரும். மஞ்சள் மீயில் காரநீரும் (மிளகாய்க் காரம் அல்ல, சோடா உப்பு மாதிரியான அல்கலி) உப்பும் சேர்த்துப் பிசைகிறார்கள். அந்த நிறமும் வாசனையும் காரநீரால் வருவது. அதோடு ஒப்பிட்டால் மீஹூனில், அதாவது அரிசி நூடல்ஸில், உப்பு மிகக் குறைவு, வெறும் அரிசிதான். ஆனால் சர்க்கரை நோயாளிகள் அதைப் படித்துவிட்டு இரட்டிப்பு மீஹூன் வாங்க வேண்டாம். அது வெள்ளைச் சோறு மாதிரிதான் வேலை செய்யும்.

அப்புறம் அந்தச் சின்னத் தட்டு. நறுக்கிய மிளகாய், மேலே சோயா சாஸ். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கும். நோயாளிகள் எழுதிக் கொண்டுவரும் உணவுக் குறிப்புகளில் நான் இன்றுவரை இந்தத் தட்டைப் பார்த்ததில்லை. யாரும் அதைச் சாப்பாடாக நினைப்பதில்லை. மிளகாயை மட்டும் கேட்டு வாங்கலாம். தருவார்கள்.

“அப்படீன்னா ட்ரை வாங்கிக்கிறேனே” என்று பலர் முந்திக்கொள்வார்கள். சூப் இல்லாத மீயில் சாஸும் சம்பலும் நேரடியாக மீயிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், ஒதுக்கி வைக்க வழியே இல்லை. பக்கத்தில் ஒரு சிறு கிண்ணம் சூப் வேறு இலவசமாக வரும், அதையும் குடித்துவிடுவோம். சூப் வகையிலோ, நீங்கள் சூப்பைக் குடிக்காமல் விட்டுவிட்டால், உப்பில் பெரும்பகுதி அப்படியே கிண்ணத்தில் நிற்கும். அதனால் சூப்பை விடத் தயாராக இருப்பவருக்குச் சூப் வகையே மேல் என்பது என் எண்ணம். லக்சாவைப் பற்றிக் கேட்காதீர்கள். அதில் தேங்காய்ப் பாலும் சேரும். வேண்டுமென்று ஆசைப்பட்டு, தெரிந்தே சாப்பிட வேண்டியது அது.

கடையில் எப்படிக் கேட்பது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘உப்புக் குறைவாக’ என்று சொன்னால் எல்லாக் கடையிலும் நடக்காது. மீன் உருண்டைக் கடையிலும் இறால் மீ கடையிலும் சூப் விடியற்காலையிலேயே பெரிய பானையில் உப்புப் போட்டுக் கொதித்துவிட்டது. அந்த அம்மாள் தலையாட்டுவார், அதே அகப்பையில் அதே சூப்பை ஊற்றுவார். அவர் மேல் தப்பில்லை. அந்த மாதிரிக் கடையில் சூப்பைக் குறைத்து ஊற்றச் சொல்லி, மீதிக்குச் சுடுநீர் ஊற்றச் சொல்லுங்கள். பான் மியான், மீன் துண்டு சூப் போலத் தனித்தனியாகச் சட்டியில் வைத்துக் கொதிக்கவிடும் கடைகளில்தான் உப்பைக் குறைக்கச் சொல்வது பலிக்கும். சீனக் கடையில் ‘சாவ் யென்’, மீ சோத்தோ விற்கும் மலாய்க் கடையில் ‘குராங் மாசின்’. உச்சரிப்புக் கொஞ்சம் பிசகினாலும் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார்கள். சாவி என்று ஒரு கீரை கிடைக்குமே, அதைக் கூட ஒரு பிடி போடச் சொல்லலாம்.

மூன்றாவது மாதம் சூப்பை அரைவாசியாகக் குறைத்தவர்கள் எல்லோரும் ஒரே புகாரோடு வருவார்கள்: “இப்ப அந்தக் கடையில உப்பக் கூட்டிட்டாங்க மேடம்.” கூட்டவில்லை. நாக்கு பழகிக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்தப் புகார் ரொம்பப் பிடிக்கும்.

அஜினோமோட்டோ பற்றிச் சொல்லாமல் விட்டால் பின்னூட்டத்தில் கேட்பீர்கள். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து கண்டறிந்த சுவை அது. அதற்குக் கெட்ட பெயர் வந்தது 1968இல், அமெரிக்காவில் ஒரு மருத்துவ இதழுக்கு ஒரு மருத்துவர் எழுதிய கடிதத்தால். சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது, காரணம் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். சோயா சாஸ், சமையல் மது, அஜினோமோட்டோ என்று பல சந்தேகங்களை வரிசையாக வைத்தவர், அந்த உணவில் உள்ள அளவுக்கு மீறிய சோடியமும் காரணமாகலாம் என்று அதே கடிதத்திலேயே எழுதினார். உலகம் அஜினோமோட்டோவை மட்டும் பிடித்துக்கொண்டது, உப்பை மறந்துவிட்டது. உண்மையில் சாப்பாட்டு உப்பில் 39 விழுக்காடு சோடியம், அஜினோமோட்டோவில் 12 விழுக்காடுதான். ‘அஜினோமோட்டோ போடாத கடை’ என்று தேடிப் போய், அங்கே கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு வருகிறவர்களை என்ன சொல்ல?

இன்னொன்று, இது கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டியது. சோடியம் குறைந்த உப்பு இப்போது கடைகளில் கிடைக்கிறது. சாதாரண உப்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் உப்பைச் சேர்த்திருப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு நல்ல மாற்று. ஆனால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கும், எனலாப்ரில், லோசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும் ஆபத்து உண்டு. இதயத் துடிப்பையே குழப்பிவிடும். அங்கிளின் மனைவி ஆசையாக ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தார். அங்கிளின் மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு, மருத்துவரைக் கேட்கும் வரை அதைத் திறக்க வேண்டாம் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சூப்பை நான் நிறுத்தச் சொல்லவில்லை. பல் செட் கட்டியவர், மெல்லாமல் இறங்குகிற சாப்பாடு அது. மார்க்கெட்டில் பழைய டாக்சிக் கூட்டாளிகளைப் பார்ப்பதும் அந்த மேசையில்தான். மஞ்சள் மீக்குப் பதில் மீஹூன், உருண்டை மூன்று, கரண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு சாப்ஸ்டிக் குச்சிகளோடு மட்டும் மேசைக்குப் போவது என்று பேசி முடித்தோம். கரண்டி கையில் இருந்தால் கை சும்மா இருக்காது. சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஆறு வாரம் கழித்து வந்தார். ஆறு படங்கள், ஆறிலும் சூப் கிண்ணத்தின் முக்கால் வரை அப்படியே நின்றது. நோட்டில் திங்கட்கிழமை ஏற்றம் இருநூறு கிராமைத் தாண்டவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். பாராட்டிவிட்டு, சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

“இவ்வளவு சூப்பைக் கொட்டுறதைப் பார்த்துக் கடைக்காரம்மா ஒண்ணும் சொல்லலையா அங்கிள்?”

“கொட்டறதா? காசு கொடுத்து வாங்கினதை யாரும்மா கொட்டுவா? இவதான் குடிச்சிடுவா.”

அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அவருக்குக் கடைசியாக எப்போது ரத்த அழுத்தம் பார்த்தார்கள் என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கருவியை அவர் பக்கம் நகர்த்தி, கையை நீட்டச் சொன்னேன்.