ஹீரோ மாறிவிட்டான் என்பதைச் சட்டையும் சொல்ல வேண்டும்

குறும்படம் எடுக்க வரும் தம்பி தங்கைகள் பலரும் கேமரா, லென்ஸ், லொக்கேஷன் எல்லாம் முடிவான பிறகு, ஷூட்டிங்குக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் காஸ்ட்யூமுக்கு ஆள் தேடுகிறார்கள். நாயகன் அடியோடு மாறுகிறான் என்பார்கள். சரி, உடையில் அது எப்படித் தெரியும் என்று கேட்டால், "முதல்ல கலர் சட்டை, அப்புறம் கறுப்புச் சட்டை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவர்களை நான் பார்க்கச் சொல்வது 1982-இல் வந்த 'காந்தி' படத்தை. பானு அதையாவும் ஜான் மோலோவும் உடை வடிவமைத்த படம்; இந்தியர் ஒருவருக்கு முதல் ஆஸ்கர் கிடைத்தது இந்த வேலைக்குத்தான். தென்னாப்பிரிக்காவில் ரயிலிலிருந்து தள்ளப்படும்போது கோட்டு சூட்டில் இருக்கும் வக்கீல், பம்பாயில் வந்து இறங்கும்போது இந்திய உடைக்கு வந்துவிடுகிறார், பிறகு அதுவும் குறைந்துகொண்டே போய் கடைசியில் இடுப்பில் ஒரு வேட்டி, மேலே ஒரு துண்டு. நடுவில் ஓர் ஆற்றங்கரைக் காட்சி: கந்தல் கட்டிய ஒரு பெண்ணைப் பார்த்துத் தன்னிடமிருந்த வெள்ளைத் துணியைத் தண்ணீரில் மிதக்க விடுவார். உடை ஏன் குறைகிறது என்பதற்கு அதைவிட விளக்கம் வேண்டுமா?

நிஜத்தில் அவர் அரை வேட்டிக்கு மாறியது 1921 செப்டம்பரில், நம் மதுரையில். கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்று வழியில் ரயிலில் ஏழைகள் சொன்னது அவரை உலுக்கியிருந்தது. இப்படி ஒரு காரணம் உங்கள் பாத்திரத்துக்கும் இருக்க வேண்டும், அது நடிகருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நிறத்தை மட்டும் மாற்றுவது சோம்பேறித்தனம் என்றே நினைக்கிறேன். அதே சட்டையை ஒரு சைஸ் பெரிதாகத் தைத்துப் போட்டுப் பாருங்கள், வேலை போன மனிதன் இளைத்து ஒடுங்கிப்போனது ஒரு வசனமும் இல்லாமல் தெரியும்.

இன்னொன்று, காட்சிகளை வரிசையாக எடுப்பதில்லை. காலையில் கிளைமாக்ஸ், மதியம் முதல் காட்சி என்று போகும்போது, எந்த சீனில் காலர் எவ்வளவு நைந்திருந்தது, எந்தப் பட்டன் போயிருந்தது என்று சீன் வாரியாக எழுதி, போட்டோவும் எடுத்து வைக்காவிட்டால் கன்டினியூட்டி, அதாவது காட்சிக்குக் காட்சி உடை பொருந்தி வருவது, போய்விடும். ஒரே சட்டையில் மூன்று நான்கு செட் வேண்டும், ஒவ்வொன்றும் வேறுவேறு அளவில் பழசாக: டீ டிகாஷனில் முக்கி, காலரையும் பாக்கெட் ஓரத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, திரும்பத் திரும்பத் துவைத்து.

அதனால் ஸ்கிரிப்ட் முடிந்ததுமே காஸ்ட்யூமரிடம் கொடுத்துவிடுங்கள். புதுத்துணியின் மொடமொடப்பு போகத் துவைத்துக் காயவைக்கவே ஒரு வாரம் ஓடிவிடும்.